வாய் படாத மருந்து

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஆறு. மற்ற மூன்றும் என் வீட்டுக்காரரின் தங்கை பிள்ளைகள். தாய் போன பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தவர்கள். ஆறு பேருக்கும் ஒரே பானைச் சோறு. யார் எந்தப் பிள்ளை என்று தெருவில் யாருக்கும் தெரியாது. இப்போது ஆறு பேரும் ஆறு ஊரில் இருக்கிறார்கள். நான் திருநெல்வேலி டவுணில், ரத வீதிக்குப் பின்னால் இருக்கிற சந்தில், அதே வீட்டில் தனியாக இருக்கிறேன். அவர் காலமான பிறகு எல்லாரும் கூப்பிட்டார்கள். நான்தான் போகவில்லை. அந்த வீட்டில் நான் இனி இருக்கலாமா, கூடாதா என்று ஒரு பேச்சு வந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப்பெயர் வாசிப்பேன். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி காந்தி போனில் எழுதுகிறாள். என் பேச்சை நல்ல தமிழாகத் திருத்திப் போடச் சொல்லியிருக்கிறேன். ஆட்கள் பேசியதை மட்டும் பேசியபடியே விட்டுவிட வேண்டும். மூச்சு நோயோடு என்னைப் போல் தனியாக இருக்கிற பெண்கள் யாராவது வாசித்தால் போதும்.

முதலில் நின்றது மூச்சு இல்லை, பேச்சு. சாயங்காலம் கோயிலில் பிரகாரம் சுற்றும்போது தெருப் பெண்களோடு பேசிக்கொண்டே நடப்பது வழக்கம். ஒரு வருஷம் என்னால் நடக்கவும் பேசவும் சேர்ந்து முடியவில்லை. நடந்தால் பேச வராது. அவர்கள் கேட்பதற்குத் தலையை மட்டும் ஆட்டுவேன். "பிரமு மதினிக்கு இப்பம் ரொம்பக் கனம் வந்துட்டு" என்று என் காதுபடவே சொன்னார்கள். தலைக்கனம் எனக்கு எப்போதும் உண்டு, அதனால் மறுத்துச் சொல்லவில்லை. மூச்சு முட்டுகிறது என்று சொல்லவும் மனசு வரவில்லை. தூண் ஓரம் உட்கார்ந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்வது போல இருந்து, அவர்களை முன்னால் போகவிட்டேன். பிறகு அவர்கள் வருகிற நேரத்தை விட்டு வேறு நேரத்தில் போகத் தொடங்கினேன். நோய் என்று ஒரு பெயர் வருவதற்கு முன்பே தனியாக நடக்கப் பழகிவிட்டேன்.

பொங்கலுக்கு வந்த மூத்தவன் சிதம்பரம்தான் கண்டுபிடித்தான். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். அடுக்களையிலிருந்து பின்வாசலுக்குப் போகிற வழியில் நான் ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருந்தேன். "இது எதுக்கும்மா இங்கன கெடக்கு?" என்று கேட்டான். "எடுத்து வைக்க மறந்துட்டேன்" என்றேன். அவன் எடுத்து ஓரமாக வைத்தான். சற்று நேரத்தில் நான் கிணற்றடிக்குப் போய்விட்டு வரும்போது அந்த இடத்தில் உட்காரப் போய்ச் சுவரைப் பிடித்தேன். மறுநாளே பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டான்.

அங்கே ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். ஊதுகிற காற்று எவ்வளவு, எத்தனை வேகத்தில் வெளியே வருகிறது என்று மிஷின் கணக்குப் போடுமாம். "நல்லா உதட்டால கவ்வுங்க ஆச்சி, காத்து வெளிய போகப்படாது" என்றான் அந்தப் பையன். குழாயின் முனை புது அட்டை. என் கண் முன்னால் உறையைக் கிழித்து எடுத்தான். ஊதி முடித்ததும் குப்பைக் கூடையில் போட்டான். இலையில் சாப்பிட்டுவிட்டு எறிகிற மாதிரி. அதனால் எனக்கு ஆட்சேபம் இல்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

டாக்டர் சின்னப் பெண். நம்ம ஊர்ப் பேச்சு.

"ஆச்சி, பீடி சுருட்டு உண்டுமா?"

"நல்லாக் கேட்டிய! எங்க வீட்டுல ஆம்பளையே தொட்டதில்ல."

"அடுப்பு என்ன அடுப்பு?"

"இப்பம் கேஸ்தான். முன்ன விறகு. நெல்லும் வீட்டுலயே அவிப்போம்."

"அப்பம் நீங்களும் குடிச்சிருக்கிய. ஊதுகுழல்ல உள்ள இழுத்த புகை எல்லாம் கணக்குல உண்டு."

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றாள். நெஞ்சுக்குள் மூச்சு போகிற குழாய்கள் சுருங்கிப் போயிருக்கின்றனவாம். மூச்சு உள்ளே போவதில் அல்ல, வெளியே வருவதில்தான் கஷ்டமாம். பழைய மூச்சு போக வழியில்லாமல் உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். புது மூச்சுக்கு இடம் இருக்காது. காலி செய்யாத குடித்தனக்காரன் மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். கெட்டுப்போன நுரையீரல் திரும்ப வராது, ஆனால் குழாயை விரித்து வைக்க மருந்து இருக்கிறது என்றாள். விழுங்குகிற மருந்து இல்லை, இழுக்கிற மருந்து. உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பிளாஸ்டிக் குழல். அதில் பொடி அடைத்த கேப்சூலைப் போட்டுத் திருகினால் கேப்சூல் உடையும். வாயில் வைத்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். மூச்சைக் கொஞ்சம் பிடித்து வைத்துப் பைய விட வேண்டும்.

எப்படி என்று காட்டக் கீழே ஒருவரிடம் அனுப்பினார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவதற்கென்று ஒரே ஒரு குழல் வைத்திருந்தார். எல்லாருக்கும் காட்டுகிற குழலில் அவர் எப்படி வாயை வைப்பார்? உதட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் பிடித்து, வாயைத் திறந்து, "இப்படி வாயில வச்சு இழுக்கணும் ஆச்சி" என்று காற்றில் இழுத்துக் காட்டினார். பழக்கம் தெரிந்த வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். தம்ளரில் வாய் வைத்துக் குடிக்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. தண்ணீரோ காப்பியோ, அண்ணாந்துதான் குடிப்போம். எறிகிற பொருளில் வாய் படலாம், திரும்பப் புழங்குகிற பொருளில் படக்கூடாது. ஆறு பிள்ளைகளுக்கும் கையில் தம்ளர் பிடிக்க வந்த உடனேயே அண்ணாந்து குடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். புரையேறி அழுவார்கள், தலையில் தட்டிவிட்டு மறுபடி குடிக்கச் சொல்வேன். அது எங்கள் உடம்போடு வந்துவிட்டது. நினைத்துச் செய்வதில்லை, கை தானாக நின்றுவிடும்.

அப்படித்தான் என் கை நின்றது. காலையில் குளித்துவிட்டு, விபூதி பூசிக்கொண்டு, குழலில் கேப்சூலைப் போட்டுத் திருகி, உதட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்து, ஆ என்று வாயைத் திறந்து இழுப்பேன். மூச்சைப் பிடித்து வைத்துப் பைய விடுவேன். ஒரு நாள் தப்பியதில்லை. முடிந்ததும் குழலைத் திறந்து கழுவிக் கவிழ்த்துவிடுவேன். கேப்சூலுக்குள் பொடி மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. ஊருக்குப் போன மகன் போனில் தினமும் கேட்பான். "எடுத்துட்டேன்" என்பேன். பொய் இல்லை.

சித்திரை வெயிலிலேயே சளி கட்டியது. பால்காரர் வந்து மணி அடித்தபோது எழுந்து போய்க் கதவைத் திறக்க முடியவில்லை. குரலும் எழும்பவில்லை. அவர் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவருடைய சைக்கிள் சந்து முனை திரும்புகிற சத்தம் வரை கேட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை பேரை வளர்த்த வீட்டில் கதவைத் திறக்க ஒரு கை இல்லை. அந்தச் சத்தம் தேய்ந்து போனது இன்னும் என் காதில் இருக்கிறது. பிறகு போனில் மகனைக் கூப்பிட்டு, பேச முடியாமல் மூச்சை மட்டும் விட்டேன். அவன் புரிந்துகொண்டு பக்கத்து வீட்டுக்குச் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் ஒரு மூடியை மாட்டி, மருந்தை ஆவியாக்கி உள்ளே விட்டார்கள். அந்த ஆவியில் என் நெஞ்சு திறந்தது. சில நாளில் எழுந்து உட்கார்ந்து, இட்லி கல் மாதிரி இருக்கிறது என்று குறை சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். டாக்டர் கேட்டாள்: "மருந்து ஒழுங்கா இழுத்தியளா ஆச்சி?" மகன் முந்திக்கொண்டு காலி அட்டைகளை எடுத்துக் காட்டினான். "ஒன்னும் விடல டாக்டர். எங்க அம்மா சொன்னா சொன்னதுதான்."

"வாய் வறளுதா? இந்த மருந்துக்குக் கொஞ்சம் வறளும்."

"எனக்கு ஒன்னும் வறளல" என்றேன் பெருமையாக.

டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு மருந்து போதவில்லை, இரண்டு மருந்து சேர்ந்த கேப்சூல் தருகிறேன் என்றாள். நான் கேட்டதால் பொறுமையாகச் சொன்னாள். குழாயைச் சுற்றித் தசை இருக்கிறதாம். அதை இறுக்கச் சொல்லி நரம்பு வழியாக உத்தரவு வந்துகொண்டே இருக்குமாம். ஒரு மருந்து அந்த உத்தரவைப் போய்ச் சேரவிடாமல் தடுக்கும். இன்னொன்று தசையிடமே போய்த் தளரச் சொல்லும். இரண்டும் இரண்டு பக்கத்திலிருந்து வேலை செய்வதால், ஒன்றை மட்டும் கூட்டிக் கொடுப்பதைவிட இது நல்லது. எனக்கு விளங்கியது. கதவை ஒருத்தன் இழுத்துச் சாத்திக்கொண்டே இருக்கிறான். ஒருத்தர் அவன் கையைப் பிடிக்க வேண்டும், இன்னொருத்தர் கதவைத் தள்ள வேண்டும்.

ஆள் இரண்டு பேர் வந்தார்கள். ஆனால் அவர்களை நான் வீட்டுக்குள்ளே விட்டால்தானே.

ஆடிக் காற்றில் மறுபடியும் ஆஸ்பத்திரி. இந்தத் தடவை மகன் முகம் வேறு மாதிரி இருந்தது. அவன் போட்ட கணக்கு நியாயமானது. ஆஸ்பத்திரியில் இருந்தால் அம்மா நன்றாகிறாள்; வீட்டுக்குப் போனால் கெட்டுப் போகிறாள். மருந்து இரண்டும் ஒழுங்காக எடுக்கிறாள். அப்படியானால் கெடுப்பது அந்த வீடும், தனியாக இருப்பதும்தான். டாக்டரும், இரண்டு மருந்துக்கும் கேட்கவில்லை என்றால் வீட்டிலேயே ஆக்சிஜன் மிஷின் வைக்க வேண்டிவரலாம், பக்கத்தில் ஆள் வேண்டும் என்றாள்.

"வீட்டப் பூட்டிருவோம்மா. எங்கூட வந்துரு."

"உன் வீடு மூணாவது மாடி."

"லிஃப்ட் இருக்குல்லா."

"லிஃப்ட்டுல ஏறிப் போயி யாரப் பாக்க? நீயும் அவளும் காலைல போனா இருட்டுன பொறவுதான் வாரிய."

அவன் நகவெட்டியை எடுத்தான். என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகம் வெட்டினான். விரலில் மாட்டுகிற கிளிப், நகம் நீளமாக இருந்தால் சரியாகக் காட்டாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அறுபதை நெருங்குகிற பிள்ளை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, என் சுண்டுவிரலைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெட்டினான். வெட்டிய துண்டுகளை அன்றைக்கு வந்த ஆஸ்பத்திரி பில்லில் சேர்த்துக் கசக்கப் போய், சட்டென்று பில்லை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அதை எந்தத் தடவையும் என் கண்ணில் காட்டியதில்லை. அவனோடு எப்படிச் சண்டை போடுவது? "சரி, பாப்போம்" என்றேன். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, வெளியே போய் யாரிடமோ வீட்டுச் சாவியைப் பற்றிப் பேசினான்.

பக்கத்துக் கட்டிலில் கிரேஸ் டீச்சர் இருந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் இருந்து ரிட்டையர் ஆனவள். எனக்கு வந்த நோய்தான் அவளுக்கும். சாயங்காலம் ஆனால் சபைப் பெண்கள் கூட்டமாக வந்து ஜெபம் பண்ணுவார்கள், பன் கொண்டுவருவார்கள், எனக்கும் ஒன்று நீட்டுவார்கள். அவர்கள் போனதும் வார்டு காலி செய்த பந்தல் மாதிரி ஆகிவிடும். என்னைப் பார்க்க வர டவுணிலிருந்து யாரும் இல்லை. ஒரு வருஷமாக நானே தெருப் பெண்களை முன்னால் போகவிட்டவள்தானே.

அன்று காலையில் டீச்சர் தன் பையிலிருந்து குழலை எடுத்தாள். என்னுடையதைப் போலவே. கேப்சூலைப் போட்டாள், திருகினாள், முனையை உதட்டுக்குள் விட்டு இறுகக் கவ்விக்கொண்டு இழுத்தாள். உள்ளே கேப்சூல் கடகடவென்று சுற்றுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

"என்ன டீச்சர், இப்படி எச்சிப்படுத்துதிய?"

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததால் கண்ணால் சிரித்தாள். பைய விட்டுவிட்டு, "வாயில வைக்காம மூக்குலயா வைப்பாவ?" என்றாள்.

"தள்ளிப் பிடிச்சு இழுத்தா என்ன?"

"எங்க, நீங்க எப்படிச் செய்யுதிய? காட்டுங்க."

"நான் என்னத்துக்கு உங்களுக்குக் காட்டணும்?"

"பள்ளிக்கூடத்துல முப்பது வருஷம் இந்த மொகத்தப் பாத்திருக்கேன் பிரமு அம்மா. வீட்டுப்பாடம் எழுதாத மொகம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் முன்னால் என் குழலை எடுத்து, எப்போதும் போல இழுத்துக் காட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. டீச்சர் எழுந்து வந்து என் குழலைத் திறந்து, கேப்சூலை எடுத்துத் தன் உள்ளங்கையில் தட்டினாள். வெள்ளைப் பொடி அப்படியே கொட்டியது. அவள் சிரிக்கவில்லை. "ஐயோ கர்த்தாவே" என்று மட்டும் சொன்னாள். இரண்டு பேரும் அந்தப் பொடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இத்தனை மாதமாக நான் கழுவிச் சாக்கடையில் விட்டது அதுதான்.

டாக்டர் சுற்றுக்கு வந்தபோது டீச்சர் வாயைத் திறந்தாள். நான் கையமர்த்திவிட்டு நானே சொன்னேன். இன்னொருத்தர் சொல்லிக் கேட்பதைவிட அது மேல். டாக்டர் என்னைத் திட்டவில்லை. "நான்ல முதல்லயே செஞ்சு காட்டச் சொல்லிப் பாத்திருக்கணும்" என்றாள். பிறகு மகனைப் பார்த்து, "சார், வீட்டுல அவங்க இழுக்கத நீங்க பாக்கவே இல்லியா?" என்றாள்.

சிதம்பரம் தலையைச் சொறிந்தான். "பாத்தேன் டாக்டர். எனக்கு ஒன்னும் வித்தியாசமாத் தெரியல."

எப்படித் தெரியும்? அவனுக்கும் நான்தானே சொல்லிக் கொடுத்தேன்.

"ஆச்சி, பல்லு தேய்க்க பிரஷ் வாயில வைக்கியள்லா?"

"நான் விரலால பொடி போட்டுத் தேய்க்கேன்."

டீச்சர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். டாக்டர் தோற்றுப்போய் என் கட்டிலில் உட்கார்ந்தாள். "சரி ஆச்சி. இது தம்ளர் இல்ல. இது உங்க உடம்புல ஒரு உறுப்பு, வெளிய கெடக்கு. அவ்வளவுதான். வேற யாரும் தொடப்போறதில்ல."

குழலை வாயருகே கொண்டுபோனேன். கை நின்றது. எல்லாரும் பார்க்கிறார்கள். என் மாமியார், என் தாய், யார் யாரோ அங்கே நின்று பார்ப்பது போல இருந்தது. மகனைப் பார்த்தேன். அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் வாய் வைப்பதைப் பார்க்காமல் இருந்து எனக்கு மரியாதை செய்தான் என் பிள்ளை. கவ்வி இழுத்தேன். கடகடவென்று உள்ளே ஏதோ ராட்டினம் மாதிரி சுற்றியது. நாக்கில் லேசாக ஒரு இனிப்பு. பொடியோடு சேர்த்த சர்க்கரை என்றாள் டாக்டர். மாதக்கணக்கில் எடுத்த மருந்தின் ருசி எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆக்சிஜன் பேச்சை ஒரு மாதம் தள்ளி வைப்போம், இந்த மருந்தே வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றாள். அதுவரை வீட்டைப் பூட்ட வேண்டாம் என்று மகனும் ஒத்துக்கொண்டான். காலையில் வீடியோவில் அவன் முன்னால்தான் இழுக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த மாதம் முழுவதும் நான் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, அவன் முன்னால் பரீட்சை எழுதினேன். வாய் வறண்டது. தண்ணீர் தண்ணீராகக் குடித்தேன், அண்ணாந்துதான். முதல் சில நாள் கை லேசாக நடுங்கியது. மருந்து உள்ளே போகிறது என்பதற்கு அதெல்லாம் அடையாளம் என்று சந்தோஷப்பட்டேன். குணமாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். மாடி ஏற முடியாது, ஈர விறகுப் புகை தெருமுனையில் வந்தாலே நெஞ்சு கட்டும். ஆனால் பால்காரர் மணிக்கு எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். ஸ்டூலை நானே எடுத்து உள்ளே வைத்தேன்.

மாதம் முடிந்து மறுபடி ஊதிப் பார்த்தார்கள், நடக்கவிட்டுப் பார்த்தார்கள். ஆக்சிஜன் இப்போதைக்கு வேண்டாம், ஒழுங்காக மருந்து எடுத்தால் தனியாக இருக்கலாம் என்றாள் டாக்டர். வீட்டில் கொண்டுவந்து விட்ட மகன் சாவியை ஆணியில் மாட்டினான். "சரிம்மா. உன் இஷ்டப்படி இருந்துக்கோ" என்றான்.

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவன் ஆட்டோவில் ஏறுகிறவரை வாசலிலேயே நின்றேன். இன்னொரு தடவை வா என்று கூப்பிடுவான், வரமாட்டேன் என்று சொல்லலாம் என்று இருந்தேன். அவன் கூப்பிடவில்லை. நல்ல பிள்ளை, சொன்னதைக் கேட்டுவிட்டான். வீடியோவும் அதோடு நின்றது. அம்மா இனி தானே செய்வாள் என்று நம்பிக்கை வந்துவிட்டது அவனுக்கு. இப்போது காலையில் இந்த வீட்டில் கேட்கிற முதல் சத்தம் அந்தக் கேப்சூல் சுற்றுகிற சத்தம்தான். பாத்திர அலமாரியில் வைக்க மனசு வராமல், குழலுக்கென்று தனியாக ஒரு மாடம் ஒதுக்கியிருக்கிறேன். டீச்சர் சில நாள் போன் பண்ணி, "வீட்டுப்பாடம் ஆச்சா?" என்று கேட்பாள். கோயிலுக்கும் பழைய நேரத்துக்கே போகிறேன். மூச்சு நோய் என்று பெண்களிடம் சொல்லிவிட்டேன். எனக்காகப் பைய நடக்கிறார்கள். ஆனால் ஒரு வருஷத்தில் அவர்கள் பேச்சில் எனக்குத் தெரியாத கல்யாணங்களும் சாவுகளும் நிறைய வந்துவிட்டன. யார், எப்போது என்று கேட்டுக்கொண்டே நடக்கிறேன்.

காந்தி லீவு முடிந்து நாளைக்கு ஊருக்குப் போகிறாள். எழுதினது போதும் தாயி. எங்கே, முதலிலிருந்து வாசி. நான் மூச்சு வாங்க நிறுத்தின இடத்தில் நீ பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துப் புள்ளி வைத்திருப்பாய். வாசித்தால் எனக்குத் தெரிந்துவிடும். பைய வாசி, சத்தமாக வாசி. பின்வாசல் வரைக்கும் கேட்கட்டும்.